வாய்க்குப் பின்னால் வந்த அலறல்

திரையில் மசினா வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை.

வாயை மூடினார். இரண்டு கைகளையும் தலையில் வைத்தார்.

அதற்குப் பிறகுதான் அலறல் வந்தது...

"என்னடி இது? நான் அலறினது எனக்கே லேட்டா கேக்குது."

நிஜ மசினா, தன் போனில் எடுத்த கல்யாண வீடியோவைக் கொடுத்துவிட்டு, கடை நாற்காலியில் விசிறிக்கொண்டிருந்தார். ஊர்த்தலைவரின் மனைவி. சலெலோலோகா சந்தைப் பக்கத்தில் டிவிடி போட்டுத் தரும் கடை லூபேயுடையது மட்டும்தான். வேறு வழியில்லாமல் வந்திருந்தார்.

"சரி பண்ணிடலாம், தலைவரம்மா. முழுசா ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாமா?"

"எதுக்கு? பாயைக் காணோம்னு நான் அலறின இடம் போதும். ஊர்ச்சபையில இருக்கற மெஷின் டிவிடிதான் பாடும். நாளைக்குக் காலையில போட்டுக் காட்டணும்."

லூபேக்குத் தெரியும். போதகர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த சீர்ப்பாய் காணாமல் போயிருந்தது. பட்டு போலப் பின்னிய, விலைமதிப்பில்லாத பாய். கடைசியாக அதைத் தொட்டவன் லாரி ஓட்டும் ஃபிலிபோ.

லூபேயின் கணவன்.

'தலைவரம்மாதான் தூக்கச் சொன்னாங்க' என்றான். ஊர் சிரித்தது. நாளைக்குச் சபை தலையசைத்தால் அவன் ஊரை விட்டே போக வேண்டும்.

"படம் மங்கினாலோ, குரல் தள்ளிப் போனாலோ, புருஷனைக் காப்பாத்தக் கெடுத்துட்டேன்னு சொல்லுவேன். எல்லாம் ஒண்ணா வரணும். புரியுதா?"

"அப்படியே செய்யறேன்."

மசினா போனார்.

லூபே முதலிலிருந்து ஓட்டினாள். வேகம் பொருந்தாத படத்தில் குரல் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். இதில் ஒரே இடத்தில் குதித்தது. ஃபிலிபோ பாயை நோக்கிக் குனிகிறான்... அடுத்த கணம் வெறும் தரை!

யாரோ படத்தை வெட்டியிருக்கிறார்கள்.

குரலை வெட்டவில்லை.

காதில் ஹெட்போனை மாட்டினாள். கேட்டாள். இன்னொரு முறை கேட்டாள். பிறகு வெட்டுப்பட்ட இடத்தில், வெட்டுப்பட்ட அளவுக்குக் கறுப்புத் திரையைச் செருகினாள்.

குரல் பொருந்திவிட்டது.

காலையில் சபை கூடியது. ஃபிலிபோ மூட்டை கட்டிக்கொண்டுதான் வந்திருந்தான்.

திரையில் குனிந்தான். திரை கறுத்தது. இருட்டுக்குள்ளிருந்து மசினாவின் குரல்...

"லாரியில ஏத்தாத ஃபிலிபோ. என் கார் டிக்கியில வை. போதகர் கேட்டா நான் சொல்லிக்கறேன்."

அத்தனை தலைகளும் திரும்பின.

"அந்த இடத்தைத்தான் நான் வெட்டிட்டேனே..."

மசினா வாயைப் பொத்தினார். தாமதம்தான்.

"வெட்டும்போது குரல் காதுல விழலையாம்மா?" போதகர் மெதுவாகக் கேட்டார்.

"எப்படி விழும்? சாயங்காலப் பிரார்த்தனை நேரம். போன் சத்தத்தை அடைச்சுட்டுதான் வெட்டினேன்."

சபை மூச்சை இழுத்தது.

ஊர்த்தலைவர் எழுந்தார். பிரார்த்தனை நேரத்தில் போனைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான்.

"பாயைத் திருப்பிக் குடுத்துடலாம். பிரார்த்தனை நேரத்துல போனா? யார்றா அங்க, என் வீட்டுப் பன்னியெல்லாம் ஓட்டிட்டு வா. அபராதம்!"

ஃபிலிபோ மூட்டையை அவிழ்க்கத் தொடங்கினான்.

திரையில் மசினா வாயைத் திறந்தார். அலறல் சரியாக அதே கணத்தில் வந்தது.

லூபே தலைவரம்மாவின் பக்கம் குனிந்தாள்.

"இப்ப ஒண்ணா வருதா, தலைவரம்மா?"