ஆலைக் கிராமத்துக் கோதுமை மா

ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வந்த கையோடு மொனிகா தன் சிவப்புத் துணிக் கைப்பையைக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. உட்புறத்தை வெளியே இழுத்து உதறினாள். அப்போதும் ஒன்றும் விழவில்லை.

"ஐயோ, காசைக் காணேல்லை!"

கீழே, இத்தாலியின் பலெர்மோ நகரத்து வுச்சீரியாச் சந்தையில் மீன் கூவி விற்றவன்கூட ஒரு கணம் நிமிர்ந்து அந்த மூன்றாம் மாடியைப் பார்த்தான்.

மறுநாள் காலை மகன் மாட்டியாவுக்குப் பொன்னுருக்கல். கிறிஸ்தவ வேதக்காரர் ஆனாலும் பொன்னுருக்காமல் கலியாணம் செய்ய யாழ்ப்பாணத்தாருக்கு மனம் வராது. தாலிக்காக உருக்க வேண்டிய தங்கக் காசை மொனிகாவின் அண்ணன் சூசைதாசன் இங்கிலாந்தில் வைத்துத் தன் கையால் கொடுத்திருந்தார். அதை வாங்கப் போனவர்கள் மூன்று பேர்: மொனிகா, அவள் கணவன் அன்ரனியின் தங்கை செலஸ்ரீனா, பக்கத்து வீட்டு ஜோசியான். முந்தின நாள் மாலைதான் பலெர்மோ திரும்பியிருந்தார்கள்.

அன்ரனி நெற்றியைச் சுருக்கினார். "இங்கிலாந்திலை அந்தப் பழைய மா மில் பாக்கப் போன இடத்திலை உன்ரை கைப்பையை ஜோசியான் அல்லோ வைச்சிருந்தவ?"

செலஸ்ரீனா தரையைப் பார்த்தபடி, "ஓம்" என்றாள்.

மொனிகா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜோசியான் மொறீசியஸ் தமிழ்ப் பெண். பேசுகிற தமிழே மொனிகாவிடம் கற்றது. போன மாரியில் மொனிகா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தன் வேலையை முடித்துவிட்டு வந்து, பொலிதேயாமாப் பகுதியில் மொனிகா வேலை செய்யும் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டையும் அவளே கூட்டித் துடைத்தாள். அந்த வேலையைத் தனக்கே பிடித்துக்கொண்டிருக்கலாம். மொனிகா எழும்பி நடந்த அன்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த நன்றிக்காகத்தான் அவளையும் இங்கிலாந்துக்குக் கூட்டிப் போனது. காசு போனால் இன்னொன்று தேடலாம். ஜோசியானை எங்கே தேடுவது?

"பொலிஸ் வேண்டாம்," என்றாள் மொனிகா. "ஏர்னஸ்ற் அண்ணையைக் கூப்பிடுங்கோ."

ஏர்னஸ்ற் ஒரு ஹோட்டல் காவலாளி. விருந்தினர் தொலைத்த மோதிரம், பல்செட், ஒருமுறை ஒரு முயல் எல்லாவற்றையும் கண்டுபிடித்தவர். கேள்வி கேட்க அவருக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. கேட்காமல் இருக்கத்தான் கொடுக்க வேண்டும்.

காலை பதினொரு மணிக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

"காசைக் கடைசியா எப்ப கண்டனீர்?"

"மில்லுக்குப் போன அண்டு காலமை. அண்ணை வீட்டிலை."

"அந்த நாளைச் சொல்லும். ஒண்டும் விடாமல்."

மொனிகா கண்ணைத் துடைத்தாள். "பழைய கிராமம், அண்ணை. ஒரு சின்ன ஆறு, தாரா வாத்துகள், மில்லிலை வேலை செய்த சனங்கள் இருந்த கல்லு வீடுகள். தண்ணியிலை பெரிய மரச்சில்லு சுத்துது. அரைச்ச மாவை எங்கடை கண்ணுக்கு முன்னாலையே கடதாசிப் பையிலை போட்டு நூலாலை கட்டித் தந்தினம். சூடு ஆறேல்லை. ஆளுக்கொண்டு வாங்கினம்."

"கைப்பை?"

"மேல்மாடிக்கு ஏணி மாதிரிப் படி. பையை ஜோசியானிட்டைக் குடுத்திட்டு ஏறினன். மேலை நிண்டு அந்தச் சில்லைப் பாத்தன். மாரியிலை செத்திருக்க வேண்டிய நான். ஆண்டவரே, நன்றி எண்டு அழுதன். கீழை அவ என்ரை பையை ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு அண்ணாந்து சிரிச்சா."

"மா எதிலை வந்தது?"

"மூண்டும் செலஸ்ரீனாவின்ரை பெட்டிக்குள்ளை. அண்டிரவு அவதான் எல்லாத்தையும் அடுக்கினவ."

அன்ரனி இடையில் புகுந்தார். "ஜோசியானுக்கு நேரா வேலைக்குப் போகவேணும். அதாலை இஞ்சை விமான நிலையத்திலையே பெட்டியைத் திறந்து ஒரு பையை எடுத்துக் குடுத்தன். அப்ப செலஸ்ரீனா முகம் கழுவப் போயிருந்தவள்."

"இண்டைக்குப் பூசைக்கு ஆர் போகேல்லை?"

"எனக்குத் தலையிடி," என்றாள் செலஸ்ரீனா.

ஏர்னஸ்ற் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனார். மேசையில் பத்திரிகை விரித்து, மற்ற இரண்டு பை மாவும் கொட்டியிருந்தது. பக்கத்தில் அரிதட்டு. மா அவிக்கும் பானை அலுமாரிக்கு மேலே, காய்ந்தபடி.

"என்ன தங்கச்சி, இது?" என்று பின்னால் வந்த செலஸ்ரீனாவைக் கேட்டார்.

"நாளைக்குப் புட்டுக்கு. தவிடு எடுக்க அரிச்சனான்."

அவர் ஒரு பிடி மாவை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். குப்பை வாளியை எட்டிப் பார்த்தார். வெங்காயத் தோல் மட்டும் கிடந்தது. பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து, "ஜோசியானை அந்த மாவோடை வரச் சொல்லுங்கோ," என்றார்.

மதியம் வேலையால் திரும்பிய ஜோசியான், நூல் அவிழ்க்காத பையோடு சிரித்துக்கொண்டே வந்தாள். "மாட்டியாவின்ரை கலியாணத்துக்குப் பலகாரம் செய்ய வைச்சனான்," என்றவள், கவிழ்ந்து கிடந்த கைப்பையையும் நாலு முகங்களையும் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அக்கா, நானோ?"

மொனிகா ஏர்னஸ்ற்றைப் பார்த்தாள்.

"இல்லை," என்றார் ஏர்னஸ்ற். "எங்கடை ஆக்கள் புட்டுக்கு மாவை முதல் அவிப்பினம், பிறகு கட்டி உடைக்க அரிப்பினம். குசினியிலை பச்சை மாவை அரிச்சிருக்கு. தவிடு எடுக்கவாம். எடுத்த தவிடு எங்கை? வாளியிலை இல்லை. என்ரை கையிலை ஒட்டிக்கொண்டு இருக்கு. அரிச்சு, திருப்பி மாவுக்குள்ளையே கொட்டியிருக்கு. அப்ப தேடினது தவிடில்லை."

உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"கள்ளி எண்டால் தேடமாட்டா. தேடினவ தானே ஒளிச்சு வைச்சவ. மாவுக்குள்ளை எண்டு தெரியும், எந்தப் பை எண்டு தெரியாது. பெட்டி அடுக்கினதும், பூசைக்குப் போகாததும் ஒரே ஆள். என்ன, செலஸ்ரீனா?"

செலஸ்ரீனா முகத்தைப் பொத்திக்கொண்டாள். "களவெடுக்கேல்லை, அண்ணை! தங்கத்தை வழியிலை பறிப்பினம், என்ரை பெர்மெஸ்ஸோ விசாவுக்கும் கரைச்சல் வரும் எண்டு பயம். அதாலை அண்டிரவு மச்சாளின்ரை பையிலையிருந்து எடுத்து மாவுக்குள்ளை வைச்சன். வந்து எடுத்துத் தரலாமெண்டு இருந்தன். ரெண்டு பையிலையும் இல்லை. இவ வந்தவுடனை கேட்பமெண்டு பாத்தால், அதுக்குள்ளை மச்சாள் கத்திப்போட்டா. சொல்ல வாய் வரேல்லை."

"பயத்தை நான் குற்றமெண்டு சொல்லமாட்டன்," என்றார் ஏர்னஸ்ற். "ஜோசியான்ரை பேர் வந்தபோது 'ஓம்' எண்டீரே, அதுதான் குற்றம்."

ஜோசியானே நூலை அவிழ்த்து மாவை அரிதட்டில் கொட்டினாள். இரண்டு ஆட்டு ஆட்டியதும் டிங் என்றது. மா பூசிய தங்கக் காசு தட்டின் நடுவில் கிடந்தது.

அன்ரனி ஜோசியான் பக்கம் திரும்பினார். "பிழை என்னிலையும்தான், பிள்ளை. மன்னிச்சுக்கொள்ளும்."

மொனிகா காசைப் பார்க்கவில்லை. ஜோசியானின் மா படிந்த கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். "என்ரை வேலையைக் காத்துத் தந்த கை இது. நீ இல்லையெண்டு நான் உடனை சொல்லியிருக்க வேணும்."

மறுநாள் காசு வைத்த தட்டத்தை ஏந்த வேண்டியவள், தகப்பனின் தங்கையான மாமி என்ற முறையில், செலஸ்ரீனா. அவள் மெல்ல எழுந்து, அலுமாரியிலிருந்து பித்தளைத் தட்டத்தை எடுத்து வந்து ஜோசியான் முன் நீட்டினாள். "நீர் பிடியும். எனக்குத் தகுதியில்லை."

ஜோசியான் வாங்கவில்லை. அரிதட்டை அவள் பக்கம் தள்ளினாள்.

"நாளைக்குப் பிடிக்கிறன்," என்றாள். "இண்டைக்கு நீங்கள் இந்த மாவை அவியுங்கோ. காலமை துவக்கம் நான் ஒண்டும் சாப்பிடேல்லை."

திங்கட்கிழமை காலை வெற்றிலை, பூ, காசு வைத்த தட்டத்தை ஜோசியான் ஏந்தி வந்தாள். மாட்டியா காசை எடுத்துத் தட்டாரிடம் கொடுத்தான். பொன் உருகி ஒரு துளியாகத் திரண்டபோது, மொனிகா ஜோசியானின் தோளில் சாய்ந்து, மில்லின் மேல்மாடியில் சொன்ன "ஆண்டவரே, நன்றி" என்ற அதே இரண்டு சொல்லைச் சொன்னாள். இம்முறை அவள் கைப்பை செலஸ்ரீனாவிடம் இருந்தது.