எல்லைக்காட்டில் நின்றவள்

வனக்காவலர் வீட்டு முற்றத்தில் கார் வந்து நின்றபோதே சாந்தாவுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. செங்கல் வீடு, கூரையெல்லாம் பாசி, மூன்று பக்கமும் பைன் மரங்கள். கதவுத் திறப்பு பூச்சட்டிக்குக் கீழே இருக்கும் என்று வீட்டுக்காரி தொலைபேசியில் சொல்லியிருந்தாள். இருந்தது. அந்தக் கோடை முழுக்கச் சொன்னபடி நடந்த ஒரே காரியம் அதுதான்.

பேர்லினில் நொய்கெல்ன் முருகன் கோயிலுக்கு வரும் குடும்பங்களை ஒரு தடவையாவது காட்டுக்கு நடக்கக் கூட்டிப்போக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டது குற்றமாகிவிட்டது. புஷ்பா அக்காவுக்கு ஏற்றம் ஏலாது. இன்னொருவருக்கு உண்ணிப் பயம். வனத்துறைக்கு அன்ட்ராக் என்று ஒரு விண்ணப்பம் அனுப்பினால், அது பிழை, வேறு அனுப்பு என்றார்கள். பார்த்து வைத்த காடுகள் ஒவ்வொன்றாகக் கைநழுவி, கடைசியில் மிஞ்சியது போலந்து எல்லையோரத்தில் ஆளரவமற்ற இந்த வடக்குக் காடு. முந்தின மார்கழியில் எல்லைக் காவலை எடுத்துவிட்டதால், எல்லைக்கல் வரை போய்த் திரும்பலாம்.

அவள் கணவன் யூட் முதல் நாளே மறுத்துவிட்டான். "காடு பாத்தது எனக்குக் காணும்" என்றான், அவ்வளவுதான். பாதை பார்க்க இன்றைக்குக் காரை ஓட்டி வந்தது மட்டும் அவன்தான். அவள் விசாவோடு விமானத்தில் வந்து இறங்கியவள். அவன் தொண்ணூறுகளில் போலந்துப் பக்கத்தால் வந்தவன். 'நடந்து வந்தனான்' என்பதற்கு மேல் அவன் வாய் திறந்ததில்லை.

"பொழுதுபட முதல் பாதையைப் பாத்திட்டு வந்திடுவம்" என்றாள் சாந்தா. "உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் காருக்குள்ளை இருங்கோ."

"உம்மைத் தனிய விடேலாது. வாறன்."

மரங்களில் சிவப்புக் கோடு போட்டிருந்தது. மணற்பாதை நேராகப் போனது. சிறிது தூரத்தில் ஒரு வெட்டவெளி, அதன் நடுவே வேட்டைக்காரர் ஏறியிருக்கும் மரப்பரண். அதைக் கடந்து நடந்தார்கள். வரைபடத்தின்படி அடுத்து ஓர் ஓடை வரவேண்டும்.

வந்தது பரண்தான். அதே பரண், அதே உடைந்த ஏணிப்படி.

சாந்தா வரைபடத்தைத் திருப்பிப் பிடித்தாள். இம்முறை இடப்பக்கம் நடந்தார்கள். பனிமூட்டமாகப் புகார் இறங்கத் தொடங்கியது. எங்கோ கொத்திக்கொண்டிருந்த மரங்கொத்தி நிறுத்திவிட்டது. தங்கள் சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்க, நடந்தார்கள், நடந்தார்கள்.

மறுபடியும் பரண்.

அவள் வரைபடத்தைக் கசக்கி எறிந்தாள். "ஒரு காரியம், ஒரேயொரு காரியம் ஒழுங்கா நடக்குதே? ஊரிலையுள்ள எல்லாற்றை காலிலையும் விழுந்து இவ்வளவையும் செய்தனான்." குரல் உடைந்து அழுகை வந்தது.

"சத்தம் போடாதையும்" என்றான் யூட் மெதுவாக. அவன் முகம் வேறுமாதிரி இருந்தது. "நில்லும். கோடு தெரியுதோ எண்டு பாத்திட்டு வாறன்."

புகார் அவனை மூடியது.

ஈரக் கம்பளியும் தலையிடித் தைலமும் கலந்த ஒரு மணம் வந்தது.

"அக்கா, பெலத்துக் கதையாதேங்கோ."

பரணின் அடியில் ஓர் இளம்பெண் நின்றாள். மெல்லிய சட்டை, மேலே ஆணுடைய கம்பளிச் சுவெட்டர். சப்பாத்துகளுக்கு மேல் பிளாஸ்டிக் பைகளைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"ஆர் பிள்ளை நீர்?"

"எல்லை கடத்திவிடுற ஏஜென்சிக்காரன் இதிலை நிக்கச் சொன்னவன். வாறனெண்டு போனவன், காணேல்லை. நாங்களும் நடந்து பாத்தம் அக்கா. எங்காலை போனாலும் இதிலைதான் வந்து நிக்கிறம்." அவள் குரலில் பயத்தைவிட அலுப்புத்தான் கூடுதலாக இருந்தது. "ஜேர்மனிக்கு இன்னும் கன தூரமோ?"

"இதுதான் ஜேர்மனி, பிள்ளை."

அவள் சாந்தாவை இரக்கத்தோடு பார்த்தாள்.

"உங்களுக்கும் அப்பிடித்தான் சொன்னவங்களோ?"

சாந்தாவின் மூச்சு திடீரென்று இறங்கிய குளிரில் வெள்ளையாகப் புகைந்தது. எதிரே பேசிக்கொண்டிருந்தவளின் வாயிலிருந்து ஆவி எதுவும் வரவில்லை.

நாங்களும் என்றாளே.

சாந்தா அவளுக்குப் பின்னால் பார்த்தாள். புகாருக்குள் பைன் மரங்கள் வரிசையாக நின்றன.

எல்லாமே மரங்கள் அல்ல.

ஒரு கை அவள் தோளைத் தொட்டது. யூட். அவன் யாரென்று கேட்கவில்லை. பரணின் பக்கம் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவள் கையை எடுத்துத் தன் ஜாக்கெட்டின் விளிம்பில் வைத்து அழுத்தினான்.

"விடாதையும். திரும்பிப் பாராதையும்."

பிறகு, புகாரைப் பார்த்து, மிகத் தாழ்ந்த குரலில் சொன்னான்: "ஒருத்தற்றை உடுப்பை ஒருத்தர் பிடிச்சுக்கொண்டு வாங்கோ. இருமக்கூடாது. லைற் அடிக்கக்கூடாது."

நடந்தான். அவள் பின்னால் நடந்தாள்.

அவளுடைய மேலங்கியின் பின்பக்கத்தை எதுவோ பற்றிக்கொண்டது.

இழுக்கவில்லை. தொங்கவுமில்லை. நெரிசலில் தாயின் சேலையைப் பிள்ளை பிடிக்கும் பிடி. அவளுடைய ஒவ்வொரு அடிக்கும் பின்னால் பிளாஸ்டிக் சரசரத்தது. அதற்கும் பின்னால், இலைகளின்மேல், வேறு பல கால்கள். அலற நினைத்தாள். இருமக்கூடாது என்றானே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

யூட் பாதையைப் பார்க்கவில்லை, கோடுகளையும் தேடவில்லை. காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்று மட்டும் நின்று நின்று பார்த்து நடந்தான். ஓடை வந்தது. அதைக் கடந்ததும் செங்கல் வீடு தெரிந்தது.

பிடி விட்டது.

வீட்டுக்குள் போகவில்லை. காரில் ஏறிப் பெருந்தெருவைப் பிடித்தார்கள். பிறகு அவள்தான் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பிடி வழி தெரிஞ்சது?"

"அப்பிடித்தான் நாங்கள் வந்தனாங்கள்."

"புஷ்பா அக்காவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"மழையெண்டு சொல்லும்."

அவ்வளவு பாடும் வீண். இனிக் காடென்ற பேச்சையே எடுப்பதில்லை என்று நினைத்தபோது, வெட்கமில்லாமல் அவளுக்கு மறுபடி கோபம் வந்தது. பயத்தைவிட அது ஆறுதலாக இருந்தது.

பேர்லின் என்று எழுதிய பலகையை நெருங்கும்போது இருட்டியிருந்தது. முன் கண்ணாடி தெளிவாக இருந்தது. ஆனால் பின்கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கமாக ஆவி படிந்து, ஆட்கள் நெருக்கியடித்து ஏறிய பஸ்ஸைப்போல வெளுத்திருந்தன. யூட் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, வேகத்தைக் குறைத்தான்.

பலகையின் வெளிச்சம் காருக்குள் விழுந்தது.

பின் இருக்கைப் பக்கத்துக் கண்ணாடியில், ஆவியை உள்ளேயிருந்து ஒரு உள்ளங்கை வட்டமாகத் துடைத்தது.

பிறகு, அதற்குப் பக்கத்தில், இன்னொன்று.