மேல்மாடியில் தயாளினி!

போன் அலறியது.

பொன்னம்பலம் சாரத்து மடிப்புக்குள்ளிருந்து அதை இழுத்தெடுத்தார். பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி!

"அண்ணை... எங்கை நிக்கிறியள்?"

"மேல்மாடியிலை. ஏன் பிள்ளை?"

"ஒழுங்கை முகப்பிலை பொலிஸ் ஜீப் ஒண்டு நிக்குது. நீங்கள் வீட்டிலை நிக்கிறியளோ எண்டு கேட்டவை."

"நீ என்ன சொன்னனீ?"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன். பொலிசுக்குப் பொய் சொல்லலாமே?"

போன் அணைந்தது.

பொன்னம்பலம் மெல்லத் திரும்பினார். ஊதா நிற வெளிச்சத்தில், ஏசிக் குளிரில், ஆளுயரத்துக்கு நின்றார்கள் அந்த இருவரும்.

தயாளினி... உதயகலா...

இரண்டும் கஞ்சாச் செடிகள்!

பொன்னம்பலத்துக்கு அறுபத்தெட்டு வயது. இணுவிலில் நாற்பது வருடம் புகையிலை பயிரிட்ட மனிதர். வாழ்நாளில் சைக்கிளுக்கு லைற் இல்லாமல் போனதற்காகக்கூட பொலிசில் மாட்டியதில்லை. அப்படிப்பட்டவரை இந்த வேலைக்கு இறக்கியது அவருடைய மனைவி கமலாவதியின் முழங்கால்.

இரண்டு முழங்காலும் போய்விட்டன. டொக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் நோகும் என்று கமலாவதி நடக்கவில்லை. ஒப்பரேசன் என்றதும் டொக்டரையே மாற்றிவிட்டாள். கந்தசுவாமி கோயில் திருவிழாவில் சுவாமிக்குப் பின்னால் வீதி சுற்றி வந்தவள், இரண்டு வருடமாகக் கோயில் வாசலில் பிளாஸ்ரிக் கதிரையில் குந்தியிருந்து கும்பிடுகிறாள். அதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் பொன்னம்பலம் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

கனடாவில் இருக்கும் மகன் யதுசன்தான் அந்த யோசனையைச் சொன்னான். அங்கே முழங்கால் நோவுக்கு இதில் எண்ணெய் எடுத்துப் பூசுகிறார்களாம். கடையிலேயே விற்கிறதாம். விதை இணுவிலுக்கு எப்படி வந்தது என்பதை இந்தக் கதை சொல்லாது. தகப்பனும் மகனும் ஒரே நாளில் உள்ளே போவதில் நமக்கென்ன லாபம்?

இடம் பிரச்சினையே இல்லை. யதுசன் லீவில் வந்தால் தங்க என்று ஏசியும் பாத்ரூமும் வைத்துக் கட்டிய மேல்மாடி அறை. எட்டு வருடத்தில் அவன் வந்தது ஒரே ஒரு தடவை. செடிக்கு வெயிலுக்குப் பதிலாக ஊதா பல்ப் போதும் என்று சொன்னதும் அவன்தான். கமலாவதிக்கோ பதினெட்டுப் படி ஏற முடியாது. கஞ்சா என்ற சொல்லைக் கேட்டாலே தலைமுழுகப் போகிறவள் அவள். அவளுக்குத் தெரியாமல் வளர்த்து, எண்ணெயாக்கி, சித்த வைத்தியரின் தைலம் என்று கையில் கொடுப்பதுதான் திட்டம்.

புகையிலைக்கு அவர் அடிக்காத கிருமிநாசினி இல்லை. ஆனால் இது கமலாவின் உடம்பில் படப்போகிற சாமான். ஒரு சொட்டு ரசாயனமும் கூடாது! மாட்டெரு, வேப்பம் பிண்ணாக்கு, மீன் குடலும் சர்க்கரையும் போட்டு வாளியில் புளிக்க வைத்த கரைசல்... எல்லாம் சுத்தமான சேதனப் பசளை. ஞாயிற்றுக்கிழமை அந்த வாளியின் மூடி வெடித்துப் பறந்தது. அன்றிலிருந்து வீட்டில் மூச்சுவிட முடியவில்லை.

நல்லகாலம், கமலாவதி திங்கட்கிழமை காலையே பருத்தித்துறையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள்.

கீழே கேற் தட்டப்பட்டது.

பொன்னம்பலம் அறையைப் பூட்டினார். திறப்பை அரைஞாணில் கட்டினார். இறங்கினார்.

சப் இன்ஸ்பெக்டர் ஜெயசுதன் விறாந்தையில் நின்றார். முப்பத்தைந்து வயது. இஸ்திரி போட்ட முகம். பின்னால் இரண்டு கொன்ஸ்டபிள்கள், மூக்கைப் பொத்தியபடி.

"பொன்னம்பலம் ஐயாவோ?"

"ஓம் தம்பி. இருங்கோ. தேத்தண்ணி குடிப்பம்."

"வேண்டாம். உது என்ன மணம்?"

"மீன்."

"மேல்மாடியிலை இருந்தெல்லோ வருது. மேலை ஆர் சமைக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை."

"உங்கடை மனுசி எங்கை?"

"பருத்தித்துறையிலை. தங்கச்சி வீட்டை. முழங்காலுக்கு எண்ணெய் போடப் போனவ."

ஜெயசுதன் தலையை ஆட்டினார். கொப்பியைத் திறந்தார். மிகவும் சாதாரணமாகக் கேட்டார்.

"தயாளினி ஆர்?"

செடியின் பெயர் பொலிசுக்கு எப்படித் தெரியும்? அது அவருக்கும் செடிக்கும் மட்டும் தெரிந்த பெயர்!

"எ... எந்தத் தயாளினி?"

"மேலை நீங்கள் பூட்டி வைச்சிருக்கிற தயாளினி. அவவோடை உதயகலா எண்டு இன்னொரு பிள்ளையும் இருக்கிறாவாம். ரெண்டு பேருக்கும் ஏசி போட்டிருக்கிறியள். விடிய எழும்பினால் முதல் வேலையா மேலை ஓடுறியள். குஞ்சு, ஏன் வாடிப்போனாய், வெக்கையோ எண்டு கேக்கிறியள். எங்களுக்கு முறைப்பாடு வந்திருக்கு."

"ஆர் குடுத்தது?"

"அது தேவையில்லை. இன்னொண்டும் கேக்க வேணும். போன மாசம் நீங்கள் ரெலிபோனிலை ஆரோடையோ கதைச்சிருக்கிறியள். ஆம்பிளையள் அஞ்சையும் முடிச்சுக் கிணத்தடியிலை தாட்டாச்சு, இனிப் பயமில்லை எண்டு." ஜெயசுதன் கொப்பியை மூடினார். "இப்ப நாலு நாளா மேலை இருந்து பிண நாத்தம். நாங்கள் என்ன ஐயா நினைக்கிறது?"

பொன்னம்பலம் தூணைப் பிடித்தார்.

திறந்தால் கஞ்சா வழக்கு. திறக்காவிட்டால் ஏழு கொலை!

கமலாவதியை நினைத்தார். அவர் உள்ளே போனால் காலையில் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது யார்? கட்டிலிலிருந்து கைபிடித்து எழுப்பிவிடுவது யார்?

"திறப்புத் துலைஞ்சு போச்சு தம்பி."

"இடுப்பிலை தொங்குறது என்ன?"

வேறு வழியில்லை. பொன்னம்பலம் முன்னால் ஏறினார். பதினெட்டுப் படி. பொலிஸ் பின்னால் ஏறியது. கொன்ஸ்டபிள் ஒருவர் பொல்லை உருவிக்கொண்டார். மற்றவர் முருகனைக் கூப்பிட்டார்.

கதவு திறந்தது.

ஊதா வெளிச்சம். குளிர். நாற்றம்.

ஜெயசுதன் இரண்டு செடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உது கஞ்சா," என்றார் ஜெயசுதன்.

"யன்னலடியிலை நிக்கிறது தயாளினி," என்றார் பொன்னம்பலம் தலையைக் குனிந்து. "மற்றது உதயகலா. ரெண்டும் பெண் செடி, அதாலை அப்பிடிப் பேர். ஆண் செடி அஞ்சு முளைச்சது. பக்கத்திலை நிக்கவிட்டால் கூடாது எண்டு மகன் சொன்னவன். பிடுங்கிக் கிணத்தடியிலை தாட்டனான்."

கிணற்றடியைத் தோண்ட ஆள் கேட்டு ஏற்கெனவே ஸ்டேசனுக்கு அறிவித்துவிட்ட கொன்ஸ்டபிள், மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஆருக்கு விக்கிறியள்?"

"விக்கவோ? என்ரை மனுசின்ரை முழங்காலுக்குத் தம்பி." பொன்னம்பலம் ஒன்றும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். டொக்டர், ஒப்பரேசன், கோயில் வாசல், பிளாஸ்ரிக் கதிரை.

ஜெயசுதன் தயாளினியைச் சுற்றி நடந்தார். கடற்கரையில் கஞ்சாப் பொதி பிடித்தே இரண்டு வருடம் வேலை செய்தவர். அவர் நெற்றி சுருங்கியது.

"ஐயா... பூ எங்கை?"

"கிள்ளிப்போட்டன்."

"என்னது?"

"ஒவ்வொரு நாளும் விடிய. மொட்டுத் தெரிஞ்ச உடனை கிள்ளிப்போடுவன். பூக்க விட்டால் இலை பெருக்காது தம்பி. நாற்பது வருசம் புகையிலை செய்தனான், உது எனக்குத் தெரியாதே? பாருங்கோ, உள்ளங்கை அகலத்துக்கு இலை."

ஜெயசுதன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். கொலைகாரனைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"புகையிலைக்குத்தான் ஐயா இலை. உதுக்குப் பூ. நீங்கள் தேடின மருந்து முழுக்கப் பூவிலைதான் இருக்கு. மகன் சொல்லேல்லையோ?"

"சொல்ல வெளிக்கிட்டவன்..." பொன்னம்பலத்தின் குரல் இறங்கியது. "தோட்டக்காரனுக்குத் தோட்டம் படிப்பிக்காதை எண்டு போனை வைச்சிட்டன்."

"கிள்ளின பூவை என்ன செய்தனீங்கள்?"

"பாலேஸ்வரின்ரை கிடாய்க்கு. வேலிக்கு மேலாலை எறிஞ்சனான்."

எல்லோரும் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். மூன்று தபால்காரரை முட்டி விழுத்திய கிடாய் அது. இப்போது பூவரசுக்குக் கீழே காலை நீட்டிப் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கொம்பில் ஒரு காகம் இருந்தது. கிடாய்க்கு அதில் ஆட்சேபனை இருந்ததாகத் தெரியவில்லை.

"நாலு மாசம் வீணாப் போச்சு," என்றார் பொன்னம்பலம். கதிரையில் விழுந்தார். ஜெயிலுக்குப் போவதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கமலாவுக்கு ஒரு சொட்டு மருந்தும் இல்லாமல் போவதுதான் தாங்கவில்லை. சாரத்து நுனியால் கண்ணைத் துடைத்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம்!

தட்... தட்... தட்...

யாரோ படியில் ஏறி வருகிறார்கள். வேகமாக... கோபமாக...

கதவில் கமலாவதி!

"எங்கை அவளவை ரெண்டு பேரும்?"

"அம்மா, உங்களை ஜீப்புக்குள்ளை இருக்கச் சொன்னனானெல்லோ," என்றார் ஜெயசுதன்.

பொன்னம்பலம் வாயைப் பிளந்தார். "கமலா... நீர் பருத்தித்துறையிலை..."

"மூண்டு நாள் தங்கச்சியிட்டைச் சொல்லி அழுதன். இண்டைக்கு விடிய முதல் பஸ் எடுத்து நேர பொலிசுக்குப் போனன். முறைப்பாடு குடுத்தது நான்தான். தள்ளுங்கோ."

கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். அலுமாரியைத் திறந்தாள். பாத்ரூம் கதவை உதைத்தாள். ஒருவரும் இல்லை.

"எங்கை தயாளினி?"

ஜெயசுதன் பேனாவால் செடியைக் காட்டினார்.

"உதுவோ?"

"உதுதான். கஞ்சா."

கமலாவதி இரண்டு அடி பின்னால் பாய்ந்தாள்.

"உமக்குத்தான் கமலா," என்றார் பொன்னம்பலம். "முழங்காலுக்கு. வாற திருவிழாவுக்கு நீர் வீதி சுத்த வேணும் எண்டு நினைச்சன். அதையும் பிழையா வளர்த்துப்போட்டன்."

கமலாவதி அவரையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"எனக்கோ?" என்றாள். "ரெண்டு மாசமா படியடியிலை நிண்டு காது குடுத்தனான். உங்களுக்குக் காது மந்தம், நீங்கள் மெல்லக் கதைக்கிறதே குசினிக்குக் கேக்கும். குஞ்சு எண்டியள், செல்லம் எண்டியள். என்னை ஒருநாளும் அப்பிடிக் கூப்பிட்டதில்லை."

"நீர் ஏசுவீர் எண்டு கூப்பிடேல்லை."

ஜெயசுதன் தொண்டையைச் செருமினார். சட்டம் சட்டம்தானே!

"ரெண்டு செடியும் வழக்குப் பொருள். ஐயா எங்களோடை வரவேணும். விக்கேல்லை, பாவிக்கேல்லை எண்டு எழுதுவன். மிச்சம் நீதவான்ரை கையிலை."

"அவர் வரத் தேவையில்லை," என்றாள் கமலாவதி. "வளர்த்தது நான். அப்பிடி எழுதும்."

"கமலா, விசர்க்கதை கதையாதையும்."

"நீங்கள் பேசாமல் இருங்கோ. எழுதும் தம்பி."

ஜெயசுதன் முறைப்பாட்டுத் தாளை எடுத்து விரித்தார். "அம்மா, நீங்கள் காலமை சொல்லி எழுதுவிச்சது இது. எனக்கு இரண்டு வருடமாக மாடிப்படி ஏற இயலாது, ஆகையால் மேலே நடப்பது எதையும் நான் கண்ணால் காணவில்லை. கீழை உங்கடை கையெழுத்து. பிறகு நீங்கள் எப்பிடி மேலை..."

நிறுத்தினார்.

கமலாவதியின் காலைப் பார்த்தார். பொன்னம்பலமும் பார்த்தார். கொன்ஸ்டபிள்கள் இருவரும் கிட்ட வந்து பார்த்தார்கள்.

கைத்தடி இல்லை. கைபிடிக்க ஆள் இல்லை. பதினெட்டுப் படி!

கமலாவதி தானும் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தாள். வெளியே போனாள். ஐந்து படி இறங்கினாள். திரும்பி ஐந்து படி ஏறினாள்.

"நோகேல்லை," என்றாள். அவளுக்கே அது புதினமாக இருந்தது. "ரெண்டு மாசமா நான் ஒரு இடத்திலை இருக்கேல்லை. இவர் மேலை போனால் படியடிக்கு ஓடுவன். இறங்கினால் குசினிக்கு ஓடுவன். கிணத்தடிக்கு, வேலியடிக்கு, திரும்பப் படியடிக்கு... ஒரு நாளைக்கு அம்பது தரம். நோவைப் பாக்க எங்கை நேரம்?"

டொக்டர் சொன்ன நடை! ஒரு அடியும் பாக்கியில்லாமல் நடந்து முடித்திருக்கிறாள்.

பொன்னம்பலம் சிரித்தார். அழுதார். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தார். வழக்கு, நீதவான், ஜீப் எல்லாம் அந்த நிமிடம் அவருக்கு மறந்தே போனது.

ஜெயசுதன் பேனாவை எடுத்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"கஞ்சாவாலை சுகம் வரேல்லை எண்டு நான் ரிப்போட்டிலை காட்ட வேணும் அம்மா. முழங்காலுக்கு என்ன மருந்து எடுத்தனீங்கள் எண்டு எழுதட்டும்?"

கமலாவதி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் முதல் அடியை வைத்தாள்.

"சந்தேகம் எண்டு எழுதும் தம்பி. ஒவ்வொரு நாளும் விடிய, வெறும் வயித்திலை."