அமெரிக்காவிலிருந்து வந்த கேசட்

திண்டிவனம் காவல் நிலையத்துக்குள் ஓடிவந்த தையல்நாயகியின் முழங்கை வரை ரத்தம்.

“சார், கேசட் மாத்தித் தர்ற அந்தோணிசாமி அண்ணன யாரோ அடிச்சுக் கொன்னுட்டாங்க. தூக்கிப் பார்த்தேன், தல நிக்கல சார்!”

ஆய்வாளர் தேவநாதன் அவளை உட்காரவைத்தார். “மெதுவா சொல்லும்மா.”

அமெரிக்காவில் வேலை பார்க்கும் சீனுவாசனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். அங்கிருக்கும் தோழி ஒருத்தி, அவசியம் பார்க்கச் சொல்லி ஒரு வீடியோ கேசட் அனுப்பியிருந்தாள்.

“எங்க வீட்டு வீடியோ டெக்குல வெறும் கோடுதான் ஓடுச்சு. மாப்பிள்ளையோட அண்ணன் வேங்கடேசன் விழுப்புரத்துக்கு வாங்கிக்கினு போய்ட்டு, திருப்பிக் குடுத்தாரு. அப்புறம்தான் அவருகிட்டயும் சொல்லிட்டு, நம்மூரு டெக்குல ஓடுற மாதிரி மாத்தித் தரச் சொல்லி அந்தோணிசாமி அண்ணன்கிட்ட குடுத்தேன். இன்னிக்குக் காலையில போன் பண்ணி, ‘முடிஞ்சிருச்சு, ஜல்தி வாம்மா, நீ இதப் பார்த்தே ஆவணும்’ன்னாரு.”

கடைக்குள் அந்தோணிசாமி குப்புறக் கிடந்தார். கேமரா நிறுத்தும் இரும்பு முக்காலியால் மண்டையைப் பிளந்திருந்தார்கள். அடித்தவனுக்கு அதுவும் போதவில்லை. கழுத்தில் ஒயர் இறுகியிருந்தது.

“திருட்டுதான் சார்” என்றார் ஏட்டு பச்சைமுத்து.

“வெளிநாட்டு டெக்கையும் டி.வி.யையும் விட்டுட்டா போவான்? கேசட் ரெண்டும்தான் காணோம், அமெரிக்காவுலேருந்து வந்ததும், மாத்தி எடுத்த புதுசும்” என்றார் தேவநாதன்.

மாலையில் வேங்கடேசனை அதே கடைக்கு வரவழைத்தார் தேவநாதன். தையல்நாயகியும் சுவரோரம் நின்றாள்.

“இந்தக் கடைப் பக்கமே நான் வந்ததில்ல சார்” என்றான் வேங்கடேசன். “அந்தக் கேசட்டுக்கா கொலை? எங்க வீட்டு டெக்குல அன்னிக்கே போட்டுப் பார்த்தேனே. யாருக்கோ பர்த்டே. தம்பி நீலக் கோட்டு போட்டுக்கினு கேக்கு வெட்டுறான், அவ்ளோதான்.”

“உங்க வீட்டு டெக்க ஏட்டு பார்த்துட்டு வந்துட்டாரு. நம்மூரு டெக்குதான். அமெரிக்கக் கேசட்டப் போட்டா அதுலயும் கோடுதான் ஓடும்” என்றார் தேவநாதன் நிதானமாக. “நீலக் கோட்டு தெரியணும்னா இந்தக் கடை மிஷின்ல ஓட்டிப் பார்த்திருக்கணும். எப்ப வந்தீங்க?”

வேங்கடேசனின் கை மேசைமேல் கிடந்த சுத்தியலுக்குப் பாய்ந்தது. முதல் அடி பச்சைமுத்துவின் முன்கையில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. தேவநாதன் அவனை டி.வி.யோடு சேர்த்துத் தள்ளினார். கண்ணாடி வெடித்துச் சிதறியது. அந்தச் சில்லுகளின்மேலேயே அவன் முகத்தை அழுத்திப் பிடித்து விலங்கு மாட்டினார்.

“கேசட்ட குடுடான்னு கெஞ்சுனேன் சார்!” ரத்தத்தைத் துப்பியபடி அலறினான் வேங்கடேசன். “தம்பி அங்க வெள்ளக்காரியக் கட்டிக்கினதுதான் அதுல இருந்துச்சு. ‘அந்தப் பொண்ணு பார்க்காம யாருக்கும் தரமாட்டேன்’னான். அடிச்சப்பவும் அதையேதான் சொன்னான். ரெண்டையும் விக்கிரவாண்டிகிட்ட கொளுத்திட்டேன்.”

அவனை இழுத்துப் போனார்கள்.

“ஜீப்புல ஏறும்மா, உன்ன வீட்டுல விட்டுடறேன்” என்றார் தேவநாதன்.

“அந்தோணிசாமி அண்ணன் சம்சாரம் இருதயமேரி பெருமுக்கல்லதான இருக்காங்க? சொல்லி அனுப்பிட்டீங்களா சார்?”

“இன்னும் இல்ல.”

“அங்க வுடுங்க. அவரு யாருக்காக அடிபட்டாருன்னு நானே சொல்லிடறேன்.”

சொல்லிவிட்டுப் போய், ஜீப்பின் முன்சீட்டில் அவளாகவே ஏறி உட்கார்ந்தாள்.