நாற்பது சிரித்த முகங்கள்

தூசி துடைக்க எச்சில் தொட்டு ஓவியத்தின் மேல் உருட்டிய பஞ்சு சிவப்பாக வந்தது. அந்த இடத்தில் அவர் சிவப்பே தீட்டவில்லை.

பழைய ஓவியங்களைச் செப்பனிடுகிறவர் அதை முகர்ந்து பார்த்தார். வர்ணம் கரைக்கும் டர்பன்டைன் நெடிக்கு அடியில் கறிக்கடை வாடை. கூடத்தில் பகல் வெளிச்சம் கொட்டிக்கிடந்தும், சுவரளவு ஓவியத்தின் பின்னால் யாரோ பாயில் புரள்வது போல ஒரு சரசரப்பு விட்டுவிட்டுக் கேட்டது. எலியாக இருக்கும். நாட்டின் மானத்தைத் தூக்கி நிறுத்துகிற அருங்காட்சியகத்தில் எலிக்கா பஞ்சம்?

நாட்டை உண்டாக்கிய படை ஊருக்குள் நுழையும் காட்சி அது. இருநூறு வருடத்துக்கு முன்னால் அதை வரைந்த மடையன், குதிரைகளின் காலடியில் நாற்பது ஊர்க்காரர்களைப் பிணமாகப் போட்டு, வாயோரம் மொய்த்த ஈயைக்கூட விடாமல் தீட்டியிருந்தான். நாளை பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வருகிறார்கள்.

"செத்தவங்க வேணாம். வரவேற்கிற ஜனங்களா மாத்திடுங்க," என்றிருந்தார் இயக்குநர். "யாரு கேக்கப் போறா?"

செத்தவனுக்கு ஏது வாய்? இந்தக் கூத்துக்கு மெனக்கெடுவானேன் என்று தன் வீட்டு ஆல்பத்தைப் பார்த்தே முகங்களை நிரப்பியிருந்தார் செப்பனிடுகிறவர். மச்சான், மாமியார், மனைவி. முன்வரிசையில் கை உயர்த்திச் சிரிக்கும் ஏழு வயது மகள். முதலில் அழித்தது ஈக்களைத்தான்.

இப்போது மகளின் கை இறங்கியிருந்தது.

கண்ணைக் கசக்கினார். மச்சான் மண்டியிட்டிருந்தான். மாமியார் குப்புறக் கிடந்தார்.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, பாப்பா எழுந்திரிக்கவே மாட்டேங்குறா. அம்மாவும் அண்ணனும் தரையிலயே படுத்துட்டாங்க. தெருவுல குதிரை ஓடுற சத்தம் கேக்குதுங்க. எனக்கும் ஒரு மாதிரி..."

ஓவியத்தில் மனைவியின் முழங்கால் மடங்கியது.

கத்தியை எடுத்து மகளின் உருவத்தைச் சுரண்டினார். அடியில் அந்தப் பழைய பிணம் இருக்கும். இருக்கட்டும். அதுவே படுத்திருக்கட்டும். ஐயோ, என் பிள்ளை வேண்டாம்.

புது வர்ணம் உதிர்ந்தது. அடியில் பழைய வர்ணம்.

அதிலும் மகள். மல்லாந்து. கண் திறந்து.

"அடடா, எல்லாரும் எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க!" பின்னால் வந்து நின்ற இயக்குநர் கைதட்டினார்.

மகளின் வாயோரம் ஒரு ஈ. விரலால் விரட்டினார். நகரவில்லை. தடவிப் பார்த்தார். இருநூறு வருடத்துக்கு முன்பே காய்ந்து வெடித்த வர்ணம்.