பாலாகிப் போன காப்பி

"சித்தி! காப்பியைக் காணோம்!"

துருவி போட்ட சத்தத்தில் கோழிக் கொட்டகையே ஒரு நொடி அடங்கிப் போனது.

துருவி என்பது வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அவளுடைய சித்தி கோழிகளை வைத்து ஆராய்ச்சி செய்பவள். போன விடுமுறைக்குச் சித்தியோடு இந்த ஆராய்ச்சிக் கொட்டகைக்கு வந்தபோது ஒரு கோழியைத் துருவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. காப்பித்தூள் நிறத்தில் பளபளவென்று இருந்ததால், அதற்குக் 'காப்பி' என்று பெயரும் வைத்துவிட்டாள்.

இந்த விடுமுறைக்கு வந்ததும் வராததுமாக, முழங்காலுக்குக் கீழே தொங்கும் வெள்ளை மேலங்கியை மாட்டிக்கொண்டு, ரப்பர் காலணி தடதடக்க ஓடி வந்தது அதைப் பார்க்கத்தான்.

கம்பிவலை அறைக்குள் நாலைந்து கோழிகள் இருந்தன. ஒன்று பாதி வெள்ளை. இன்னொன்றுக்கு வால் மட்டும் வெள்ளை. முழுப் பழுப்பில் ஒன்றுகூட இல்லை.

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் மாமா வாளியோடு வந்தார். துருவிக்கு அவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"மாமா, என் காப்பியை யாருக்குக் குடுத்தீங்க?"

"காப்பியா? நான் டீதான் பாப்பா குடிப்பேன்."

"விளையாடாதீங்க மாமா! கோழி! பழுப்புக் கோழி! கால்ல மஞ்சள் வளையம் போட்டிருக்கும்!"

மாமா மூலையைக் கைகாட்டினார். அங்கே ஒரு கோழி தனியாக நின்றுகொண்டிருந்தது. தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரே வெள்ளை. மெலிந்துபோய் எலும்பும் தோலுமாக இருந்தது. அதன் காலில் மஞ்சள் வளையம்.

துருவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இதுக்கு யாரு பெயின்ட் அடிச்சது?"

சித்தி வந்து அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "யாரும் அடிக்கலடா. இது காப்பியேதான். காப்பி பாலாயிடுச்சு."

மற்ற நாளாக இருந்தால் துருவி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை.

"எப்படி?"

"நம்ம உடம்புக்குள்ள காவல்காரங்க மாதிரி சின்னச் சின்ன அணுக்கள் இருக்கு. கிருமி வந்தா பிடிச்சு அடிக்கறதுதான் அதுங்க வேலை. கோழிக்கும் உண்டு. காப்பியோட காவல்காரங்க, இறகுக்கு நிறம் குடுக்கற அணுவைப் பார்த்து, இதுதான் திருடன்னு நினைச்சுட்டாங்க. அடிச்சு ஒழிச்சுட்டாங்க. அதான் நிறம் போயிடுச்சு."

"அதோட உடம்பே அதை அடிக்குதா?"

துருவியால் நம்பவே முடியவில்லை. பூனை கடித்தது என்றால் பூனையைத் துரத்தலாம். கிருமி என்றால் மருந்து கொடுக்கலாம். தன்னைத் தானே அடித்துக்கொள்ளும் உடம்பிடம் யார் போய்ச் சண்டை போடுவது?

"போதும் நிறுத்துன்னு உள்ள யாருமே சொல்ல மாட்டாங்களா சித்தி?"

சித்தி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்றதுக்குன்னே வேற சில அணுக்கள் இருக்கு. 'இவன் நம்ம ஆளு, விட்டுடு'ன்னு அடக்கி வைக்கும். இந்தக் கோழிகள்ல அதுங்க ஏன் சரியா வேலை செய்யறதில்லன்னுதான் நாங்க தேடிக்கிட்டு இருக்கோம்."

"எங்க விளையாட்டு சார் விசில் ஊத மறந்துட்டு போன் பார்ப்பாரே, அந்த மாதிரியா?"

"கிட்டத்தட்ட அதேதான். மனுஷங்களுக்கும் இந்த மாதிரி வியாதி வருது. இது புரிஞ்சா அவங்களுக்கும் உதவும்."

"தொட்டா நமக்கு ஒட்டிக்குமா?"

"ஒட்டவே ஒட்டாது. கேள்வி கேக்கற வியாதிதான் உன்கிட்ட இருந்து எனக்கு ஒட்டிக்கும்போல இருக்கு."

அதற்குள் மாமா காப்பியைத் தூக்கித் தராசில் வைத்தார். முள் நின்ற இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"மேடம், இன்னைக்கும் குறைஞ்சிருக்கு."

சித்தி தராசு முள்ளை எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அப்ப நாளைக்குக் காலையில எடுத்துடலாம் அண்ணே. பெரிய டாக்டர்கிட்ட நான் சொல்லிடறேன்."

துருவி துள்ளிக் குதித்தாள். "ஐ! வெளியில எடுக்கப் போறீங்களா? புல்லுல விடுவீங்களா? நான் தூக்கிக்கட்டுமா?"

மாமா தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். சித்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"எடுக்கறதுன்னா புல்லுல விடறது இல்லடா. அது சாப்பிடறதையே நிறுத்திடுச்சு. பட்டினியில வாடி வாடிச் சாக வேண்டாம்னு, வலிக்காம ஒரு ஊசி..."

சித்தி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

துருவியின் வாய் திறந்தது. ஆனால் கேள்வி வரவில்லை. அவள் வாழ்க்கையிலேயே இப்படி ஆனது இதுதான் முதல் தடவை.

"வேண்டாம் சித்தி," என்றாள் கடைசியில்.

"எனக்கும் மனசு இல்லதான். ஏன் சாப்பிடலன்னே தெரியல. ரத்தத்தைச் சோதிச்சுப் பார்த்துட்டேன், ஒண்ணும் பிடிபடல. இன்னொரு தடவை பார்க்கறேன்."

சித்தி எதிரே இருந்த ஆய்வு அறைக்குப் போய்விட்டாள். துருவி கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. நீளமான மேலங்கிக் கை மூக்கைத் துடைக்கவாவது பயன்பட்டது.

மாமா தீவன வாளியைத் தூக்கினார். வாளியின் பிடி கிரீச்சிட்டதும் கோழிகள் எல்லாம் தட்டை நோக்கி ஓடின.

காப்பியும் ஓடியது. ஆனால் எதிர்ப் பக்கமாக!

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய், வெறும் தரையை அவசர அவசரமாகக் கொத்தியது. ஒன்றும் கிடைக்கவில்லை. தலையைத் தூக்கியது. மறுபடியும் கொத்தியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது.

துருவியின் அழுகை நின்றது. பசி இல்லாத கோழி எதற்கு ஓடுகிறது?

"மாமா, போன தடவை நான் வந்தப்போ தட்டு எங்க இருந்தது?"

"அந்தக் குழாய்ப் பக்கத்துல. தகரத் தட்டு. எல்லாக் கோழியும் சேர்ந்து கொத்தினா டங்கு டங்குன்னு தலையே வெடிச்சிடும். போன வாரம்தான் மாத்தினோம். இப்ப ரப்பர் தட்டு, இந்தப் பக்கம். பாரேன், காதுக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கு!"

துருவி குழாய்ப் பக்கம் போய், வலைக்குள் கையை விட்டு விரல்களை ஆட்டினாள். அந்தப் பக்கம் வந்த பாதி வெள்ளைக் கோழி பதறிப் பின்வாங்கியது. காப்பி அசையவில்லை. விரலை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். அதன் கண் இமைக்கக்கூட இல்லை.

துருவி மெல்லக் கையை வெளியே எடுத்தாள்.

"மாமா... இதுக்குக் கண்ணு தெரியல!"

"போ பாப்பா! ஒரு நாளாவது முட்டிக்கிட்டிருக்கா? தடுக்கி விழுந்திருக்கா? தட்டு மாத்தற வரைக்கும் முதல் ஆளா வந்து நல்லாச் சாப்பிட்டுக்கிட்டு இருந்த கோழி அது."

சொல்லி முடித்ததும் மாமா வாளியைக் கீழே வைத்தார். என்ன சொன்னோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"பழைய தட்டு இருக்கா மாமா?"

மாமா அதற்குள் பின்கட்டுக்கு ஓடியிருந்தார். தட்டைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து, தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் வைத்தார். துருவி ஒரு கை தீவனத்தை அள்ளி மேலேயிருந்து தட்டில் போட்டாள். சடசடவென்று தானியம் தகரத்தில் விழுந்தது.

காப்பியின் கழுத்து வெடுக்கென்று திரும்பியது.

துருவி கரண்டியால் தட்டைத் தட்டினாள். டங்! டங்!

காப்பி ஓர் அடி வைத்தது. இன்னொரு அடி. தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு நேராக வந்து, தட்டின் விளிம்பில் அலகு மோத நின்றது. ஒரே ஒரு கொத்து. டங். அவ்வளவுதான், அதற்கப்புறம் அது மூச்சுவிடக்கூட நிற்கவில்லை. டங்கு டங்கு டங்கு டங்கு!

"அடப்பாவமே," என்றார் மாமா. பங்குக்கு வந்த மற்ற கோழிகளைக் காலால் தடுத்தார். "உங்களுக்கெல்லாம் அங்க இருக்குல்ல? போங்க, போங்க!"

சத்தம் கேட்டுச் சித்தி ஓடி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். துருவி மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். சித்தி பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, காப்பியின் கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தாள். ஒரு கண்ணைப் பார்த்தாள். மறு கண்ணையும் பார்த்தாள்.

"கண்ணுக்குள்ளயும் அந்த நிற அணுக்கள் இருக்கு," என்றாள். "காவல்காரங்க அங்கேயும் போயிருக்காங்க. சில கோழிகளுக்கு இப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். ஆனா இது தடுமாறினதே இல்லயே! இத்தனை நாளும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே சாப்பிட்டிருக்கு. நாங்க போய் அந்தச் சத்தத்தை நிறுத்திட்டோம்."

சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தினமும் வந்து உன்னைப் பார்த்தேனே," என்று காப்பியிடம் சொன்னாள். "நீ என்னைப் பார்க்கவே இல்லயா?"

காப்பிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

"சித்தி, நாளைக்கு ஊசி?" துருவி பயந்துகொண்டே கேட்டாள்.

"இப்படிச் சாப்பிடற கோழிக்கு எதுக்குடா ஊசி?"

துருவி சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாமா திரும்பி நின்று, தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சித்தியின் கைபேசி ஒலித்தது. பெரிய டாக்டர், ஆராய்ச்சிக்கே தலைவர். அவர் பேசினால் சித்தி எப்போதும் எழுந்து நின்றுதான் பதில் சொல்வாள்.

"மஞ்சள் வளையக் கோழியைப் பத்திப் பேசணும்னீங்களே, என்ன விஷயம்?" என்றது கைபேசி.

சித்தி எழுந்திருக்கவில்லை. காப்பி கொத்தி முடித்த இடத்தில் இன்னொரு பிடி தானியத்தைத் தூவி, விரலால் தட்டைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"அப்புறம் பேசறேன் சார். இங்க ஒருத்தங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."