மருதையன் சொன்னால்தான் சுடணும்

சிங்கப்பூரிலிருந்து வந்த மூன்றாம் நாளே ராஜ்குமார் என் வயலுக்கு வந்துவிட்டான். மோட்டார் கொட்டகைக்குள் அவன் நுழைவதற்கு முன்னால் அவன் போட்டிருந்த சென்ட் நுழைந்தது. தொண்ணூற்று ஏழு, மாசி மாதம். சம்பா அறுத்த வயலில் உளுந்து பச்சையாக நின்றது. எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம். அதற்கப்புறம் முள்காடு, அதையும் தாண்டினால் கடல். பொழுது சாய்ந்தால் காட்டிலிருந்து மான்கள் உளுந்து மேய வரும்.

"அமிர்தலிங்கம் அண்ணே, திரும்பப் போறதுக்குள்ள ஒரு மான் சுடணும். கத்துக்குடுங்க."

"மானச் சுட்டா ஜெயிலு தம்பி."

"யாருக்குத் தெரியப் போவுது? குறி பாக்குறதுல உங்கள விட்டா இங்க யாரு இருக்கா?"

நான் துப்பாக்கியைத் தொட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. அந்த நாலு வருஷமாக எனக்கு எதுவுமே தோன்றுவதில்லை. சோறு போட்டால் தின்பேன், கூப்பிட்டால் போவேன்.

"நாளைக்குச் சோப்புப் போடாமக் குளி. இந்த சென்ட்ட ஊத்திக்கிட்டு வந்தா மான் வேளாங்கண்ணி வரைக்கும் ஓடிரும். துணிய வாய்க்கால் தண்ணியில அலசிக் கட்டிக்க" என்றேன்.

மறுநாள் அவன் நான் சொன்னபடியே வந்தான். பயிர்க்காவலுக்கென்று நான் லைசென்ஸ் வாங்கியிருந்த ரைபிளை வெளியே எடுத்தேன். குழலுக்குள் துணிவிட்டுத் துடைத்து, எண்ணெய் போட்டேன். வரப்பில் மண்மூட்டையை வைத்து, அதன்மேல் துப்பாக்கியைத் தாங்கச் சொன்னேன். அறுபது தப்படி தள்ளி ஒரு பனங்கட்டை, அதில் சுண்ணாம்பால் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம்.

"துப்பாக்கிக் கட்டையத் தோள்ல இறுக்கு. கன்னத்த அதும்மேல வை. பின்னாடி இருக்கிற பள்ளத்துக்குள்ள முன்னாடி முனை நிக்கணும். மூச்ச இழுத்து, பாதிய விட்டுட்டு நிறுத்து. விசைய வெடுக்குன்னு இழுக்காத, பால் கறக்கிற மாதிரி மெதுவா அமுக்கு. வெடிக்கிற நேரம் ஒனக்கே தெரியக் கூடாது."

ஐந்து தோட்டா கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றேன். முதல் தடவை துப்பாக்கி பிடிக்கிறவன் பனங்கட்டையைத் தொட்டாலே பெரிய விஷயம்.

ஐந்தும் சுண்ணாம்பு வட்டத்துக்குள் இருந்தன. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு.

"எப்புடித் தம்பி?"

"நீங்க சொன்னப்பதானே அமுக்குனேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"'இப்ப'ன்னு. ஒவ்வொரு வாட்டியும் காதுக்கிட்ட வந்து சொன்னீங்களே."

நான் பத்துத் தப்படி பின்னால் நின்றிருந்தேன்.

"ஏண்ணே, பன்னீர்ப் புகையிலை எப்பலேர்ந்து போடுறீங்க? வாசன ஆளத் தூக்குது."

எனக்குப் புகையிலைப் பழக்கம் கிடையாது.

மருதையனுக்கு உண்டு.

மருதையன் வேட்டையில் எனக்குத் தடம் பார்த்தவன். காட்டோரத்தில் என் காதருகே படுத்துக்கொள்வான். மான் பக்கவாட்டில் திரும்பி நிற்கிற நொடியில் 'இப்ப' என்பான். அவன் சொன்னால்தான் சுடணும்; எங்களுக்குள் அது சட்டம். தொண்ணூற்று மூன்று மாசியில், மானைக் கலைத்துவிட அவன் காட்டுக்குள் சுற்றிப் போனான். ஒடை மரத்துக்குப் பின்னால் பழுப்பாக ஏதோ அசைந்தது. அவசரக்குடுக்கை நான். அவன் சொல்லுக்குக் காத்திருக்காமல் சுட்டுவிட்டேன்.

அப்போது அவனுக்குக் குவைத் விசா வந்திருந்தது. பாஸ்போர்ட் ஏஜெண்டிடம் இருந்தது. அவனை அந்த மரத்தடியிலேயே புதைத்தேன். ஏஜெண்டிடமிருந்து ஆள் வந்தது, மருதையன் கட்டிய துணியோடு விமானம் ஏறப் பம்பாய்க்குப் போய்விட்டான் என்று ஊரில் சொன்னேன். வாரம் ஒருவன் அப்படித்தான் கிளம்பிக்கொண்டிருந்தான், அதனால் யாரும் துருவிக் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேன்.

கடிதம் வராததற்கு ஊரே காரணம் கண்டுபிடித்தது. அங்கே எவளையோ கட்டிக்கொண்டான் என்றார்கள். அவன் மனைவி காளியம்மாள் அதையும் கேட்டுக்கொண்டு, கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு என் வயலில்தான் களை பறித்தாள். இப்போது அவளுக்கும் குவைத்தில் வீட்டு வேலை கிடைத்திருந்தது. புருஷனைத் தேடிப் போகிறாள். வெள்ளிக்கிழமை பயணம்; அன்று புதன். சொன்னால் எனக்கு ஜெயில். சொல்லாவிட்டால் அவள் இல்லாத ஒருவனைத் தேடிக் கண்காணாத ஊரில் அலைய வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் உறைக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் ராஜ்குமாரும் நானும் வரப்போரம் உளுந்துக்குள் குப்புறப் படுத்தோம். எங்களுக்கு நடுவில் ஓராள் இடம் விட்டிருந்தேன், துப்பாக்கி உதைத்தால் என்மேல் இடிக்கக் கூடாதென்று. காற்று காட்டிலிருந்து எங்கள் பக்கம் வீசியது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஆண்மான் முள்ளை விலக்கிக்கொண்டு வந்து, சாவகாசமாக உளுந்தை மேய்ந்தது. பிறகு பக்கவாட்டில் திரும்பி நின்றது.

ராஜ்குமார் மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினான். நானும் நிறுத்தினேன்.

ஆனாலும் மூச்சுச் சத்தம் கேட்டது.

துப்பாக்கி முனை மெல்ல மானை விட்டு விலகி இடது பக்கம் போனது.

"எங்கடா குறி வெக்கிற? மான் அங்க நிக்குது."

"இந்தப் பக்கம் காட்டுறாருண்ணே" என்று அவன் கிசுகிசுத்தான்.

"யாரு?"

"நமக்கு நடுவுல படுத்திருக்காரே, அவருதான்."

நடுவில் இருந்த உளுந்துச் செடிகள் ஓராள் நீளத்துக்கு அமுங்கிக் கிடந்தன.

துப்பாக்கி வெடித்தது. ஒடை மரத்தடியில் மண் சிதறியது.

மான் ஓடவில்லை. தலையைத் தூக்கி, அதுவும் அந்த மரத்தடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ராஜ்குமார் துப்பாக்கியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினான். நான் ஓடவில்லை. பயந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் பயம்கூட வரவில்லை. எழுந்து நேராகக் காளியம்மாள் வீட்டுக்கு நடந்தேன்.

ஒற்றை அறைக் கூரைவீடு. அவள் தனிக்கட்டை. வாசலில் உட்கார்ந்து ரெக்சின் பையில் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. என்ன இந்த நேரத்துல?"

"மருதையன் குவைத்துக்குப் போவல காளியம்மா. நான்தான் சுட்டுட்டேன். மான்னு நெனச்சுச் சுட்டுட்டேன். காட்டோரம் ஒடை மரத்தடியில பொதச்சிருக்கேன்."

அவள் கையில் பாதி மடித்த புடவை அப்படியே நின்றது. அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. நாலு வருஷத்தில் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

அவள் அழக்கூட இல்லை.

"எங்க பட்டுச்சு?" என்று கேட்டாள்.

"இடது விலாவுல."

அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"அதான் அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கவே மாட்டேங்கிறாரு" என்றாள். "நாலு வருஷமா, கனவுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

உள்ளே பாய் சரசரத்தது. யாரோ முனகிக்கொண்டே வலது பக்கமாகப் புரண்டு படுத்தார்கள்.